கூரைக்கு வைத்த சோறு

சிசிலித் தீவின் நடு மலைகளில், எந்த உச்சியில் ஏறி நின்றாலும் கடல் கண்ணில் படாத பியெத்ராலீஷா என்ற ஊரில், கூரை விழுந்து பல நூறு வருடமாகிவிட்ட துறவியர் மடத்துக் கோயிலுக்குள் ஒரு கோடைக் காலையில் கூரையின் நிழல் மட்டும் திரும்பி வந்தபோது, அதை முதலில் கண்டவை கோழிகள். காப்பிக்கடை அசுந்தாவின் கோழிகள் அவை; ஊரில் எங்கே சுகம் கிடைக்கும் என்று அசுந்தாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவை. தெற்குச் சுவரடியில் ஒடுங்கிக் கிடக்கிற வழக்கத்தை விட்டுவிட்டுக் கோயிலின் நட்டநடுவே போய்ச் சிறகைப் பரப்பிப் படுத்துவிட்டன. நிமிர்ந்து பார்த்தால் துப்புரவான வானம். குனிந்து பார்த்தால் விட்டமும் குறுக்குச் சட்டமும் கைமரமும் ஒன்றுவிடாமல் தெரிகிற நிழல்.

இரண்டாவதாகக் கண்டவள் எமில்டா. ஊர்ப் பங்குச்சாமியார் தோன் கலோஜெரோவுக்குச் சமைத்துப் போட்டு, வீடு கூட்டி, மடத்துக் கதவின் சாவியையும் இடுப்பில் செருகி வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி அவள். பீடத் துணிகளைத் தோய்த்துக்கொண்டு வந்தவள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், இங்கே போட்டால் இன்றைக்குக் காயாது என்று கண்டு அள்ளிக்கொண்டு வெளிமுற்றத்துக்குப் போனாள். ஆச்சரியப்படுவதற்கும் மனிதருக்கு நேரம் வேண்டியிருக்கிறதே. துணியெல்லாம் கொடியில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அந்த நேரம் கிடைத்தது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிழலின் ஓரத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தாள். கல் குளிர்ந்திருந்தது.

அடுத்த கிழமை மழை வந்தது. சுவருக்கு வெளியே கொட்டித் தீர்த்த மழை, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. தலைக்கு மேலே எங்கோ பலகையில் விழுவதுபோலச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு தண்ணீர் சுவர்களின் வெளிப்பக்கமாக வழிந்தோடியது. ஊர் திரண்டு வந்து பார்த்தது, சிலுவை போட்டுக்கொண்டது, அழவேண்டியவர்கள் அழுதார்கள், முழங்காலில் நிற்கவேண்டியவர்கள் நின்றார்கள். பிறகு, எந்த அற்புதத்தையும் ஒரு கிழமைக்கு மேல் அற்புதமாகவே வைத்திருக்க எந்த ஊருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், அதைப் புழங்கத் தொடங்கிவிட்டது. கிழவர்கள் சீட்டாட்ட மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழை நாட்களில் ஊர்ப் பெண்கள் தூணுக்குத் தூண் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டார்கள். அசுந்தா இரண்டு நாற்காலியில் தொடங்கி ஒரு கடையையே உள்ளே கொண்டுவந்துவிட்டு, காப்பி பக்தர்களுக்கு மட்டுந்தான் என்று சாமியாருக்குச் சத்தியம் பண்ணினாள். நகரத்திலிருந்து ஒரு நிபுணர் கருவிகளோடு வந்து, கொட்டுகிற மழையில் நனையாமல் நின்று, அசுந்தாவின் பாதாம் பணியாரம் ஒரு தட்டு முழுக்கத் தின்று, தன் துறைக்கு இது வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூரையின் கதை எமில்டாவுக்கு ஏற்கெனவே தெரியும். கேட்க ஒரு காது கிடைத்தால் ஆறிப்போகிற சூப்பைக்கூட மறந்துவிடுகிற மனிதர் தோன் கலோஜெரோ. அவர் இத்தாலியனில்தான் சொல்வார். அவளுக்குள் போய்ச் சேரும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். ஆகவே நாமும் அப்படியே எழுதிக்கொண்டு போவோம். வடக்கிலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வெள்ளை உடுப்புத் துறவிகள், சிற்பம் வேண்டாம், வர்ணக் கண்ணாடி வேண்டாம், கோபுரம் வேண்டாம், வெளிச்சம் ஒன்றே போதும் என்று சிலுவை வடிவில் கோயிலைப் போட்டு, இரு பக்கமும் கூர்நுனி வளைவுகளை வரிசையாக நிறுத்தி, தெற்கே படுக்கை மண்டபத்திலிருந்து சாமப் பூசைக்கு இறங்கிவர ஒரு படிக்கட்டும், வடக்கே செத்த துறவியைக் கொண்டுபோக மட்டும் திறக்கிற ஒரு வாசலும் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஓக் மரத்தில் கூரை போட்டு, அதன்மேல் ஈயத்தகடு அடித்தார்கள். பிறகு ஒரு காலம் வந்தது. மடத்தைக் கண்ணாலும் காணாத ஒருவரை மேலிடம் அதற்குத் தலைவராக்கியது. அவர் தூர இருந்துகொண்டே கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி ஈயத்தகட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றார். மரத்துக்குள் தண்ணீர் இறங்கியது. துறவிகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கூரை விழுந்த மத்தியானம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கிழத் துறவி, அவரும் தோட்டத்தில் மொச்சை ஆய்ந்துகொண்டிருந்தார். படுக்கை மண்டபமும் பிறகு போய்விட்டது. படிக்கட்டு இன்றைக்கும் ஏறிப்போய் வானத்தில் நிற்கிறது.

எமில்டா இந்த ஊரைத் தேடி வந்தவள் என்றுதான் சொல்லவேண்டும். பலெர்மோவில் அண்ணன் வீடு இருந்தது, தமிழ்ச் சனம் இருந்தது, தமிழ்க் கடை இருந்தது. ஆனால் பலெர்மோவில் கடலும் இருந்தது. அவளுடைய புருசன் கிளெமென்ற், சண்டை நடந்த காலத்தில், ஒரு விடியலில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழிலுக்குப் போனவன், திரும்பவில்லை. படகும் வரவில்லை, பலகையும் வரவில்லை, ஒரு துண்டு வலைகூடக் கரை ஒதுங்கவில்லை. நேவி பிடித்தது என்றார்கள், புயல் என்றார்கள், இந்தியாவில் கண்டோம் என்றும் ஒருவர் சொன்னார். உடம்பு இல்லாமல் செத்தவீடு எப்படி நடத்துவது, செத்தவீடு நடத்தாமல் முப்பத்தோராம் நாள் பூசை எப்படிக் கொடுப்பது? ஆகவே எமில்டா கைம்பெண்ணும் இல்லை, புருசனோடு வாழ்கிறவளும் இல்லை. தாலி கழுத்தில் கிடந்தது. கடல் தெரியாத ஊரில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மனைவி டெல்பின் போன் எடுப்பாள்.

"எமில்டா, நியூற்றன் திரும்பவும் கேட்டவர். பெண்சாதி செத்து மூண்டு வருசமாத் தனிய இருக்கிறார். குடிவெறி இல்லை, தேவையில்லாத கதையும் இல்லை. கடல் திருப்பித் தாறதெண்டா எப்பவோ தந்திருக்கும் பிள்ளை."

"அவர் செத்துப்போனார் எண்டு ஆர் கண்டது மச்சாள்?"

"ஒருத்தரும் காணேல்லை. அதுக்காக நீ எத்தினை வருசம் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கப் போறாய்?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு எமில்டாவிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருந்தது. வேலை முடிந்ததும் மடத்துக்குப் போய், தூணில் சாய்ந்து, காலை நீட்டி, அந்த நிழலுக்குள் உட்கார்ந்திருப்பாள். இல்லாத கூரை மழையில் நனையவிடாமல் ஒரு ஊரையே காக்கிறதென்றால், இல்லாத மனுசன் ஒருத்தியைக் காக்கமாட்டானா? அவள் கிளெமென்றுடைய நிழலில்தான் இருந்தாள். அவனை நினைக்கும்போது அவளுக்கு உடம்பு முழுக்க வலித்தது, அந்த வலியை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றும் இருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள்; இங்கே பூசாரி கொடுத்த நேரம்தான் பிழை. மடத்துக்குக் கூரை வேண்டும் என்று ஊர் முந்தி எப்போதோ கேட்டு மறந்துவிட்டதற்கு, ஊர் நனையாமல் இருந்த இந்த நேரம் பார்த்து மேலிடத்தில் சம்மதம் கிடைத்துவிட்டது. நிழலைக் கூரையாகக் கணக்கெடுக்க முடியாது என்று மேயருக்குச் சொன்னார்கள். இலையுதிர் காலத் தொடக்கத்தில் பலெர்மோவிலிருந்து சாரக் கம்பிகளோடு ஒரு லொறி வந்தது. அதிலிருந்து இறங்கிய வேலையாட்களில் நெற்றி ஏறிய, தோள் அகன்ற, சத்தமில்லாத ஒரு தமிழன் இருந்தான். அவன்தான் நியூற்றன். டெல்பின் மச்சாளின் வேலை இது என்று எமில்டாவுக்கு அந்தக் கணமே விளங்கியது.

"கம்பி கொண்டுபோகப் பெரிய கதவைத் திறக்கச் சொல்லிச் சாமியார் சொன்னவர்," என்றான் அவன்.

"திறப்புத் துலைஞ்சு போச்சு."

அவன் அவள் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தான். "அப்ப கிடைக்கும்வரைக்கும் வெளியிலை நிக்கிறம்," என்று சொல்லிவிட்டுப் போய் லொறி நிழலில் உட்கார்ந்தான். அன்றும் உட்கார்ந்தான், மறுநாளும் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் எமில்டாவுக்குத்தான் வெட்கமாகிவிட்டது. கதவைத் திறந்துவிட்டு, "நிழலை மிதிச்சுக்கொண்டு திரியாதேங்கோ," என்றாள். "மிதிக்கேல்லை, சுத்திப் போறம்," என்றான் அவன், கொஞ்சமும் சிரிக்காமல். சொன்னபடியே சாரக் கம்பிகளைச் சுவரோரமாகவே சுமந்து கொண்டுபோனார்கள்.

அந்தக் கிழமைதான் நிழலில் முதல் ஓட்டை விழுந்தது. கிழக்கே, பீடம் இருந்த இடத்துக்கு மேலே, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வெயில் தரையில் வட்டமாகக் கிடந்தது. கோழிகள் அதைச் சுற்றி நடந்தன. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. வேலைக்காரர்கள் எதையோ உடைத்துவிட்டார்கள் என்று ஊர் சத்தம் போட்டது. அசுந்தா கடைக்குடையை விரித்து ஓட்டைக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். குடையின் நிழல் விழுந்ததே தவிர ஓட்டை அடைபடவில்லை. தோன் கலோஜெரோ வந்து பார்த்தார். ஓட்டைகள் கிழக்கிலிருந்து மேற்கே வரிசையாக வருவதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"தகட்டை வித்த ஒழுங்கிலைதான் போகுது," என்றார். "அது திரும்பவும் சாகுது எமில்டா."

எமில்டா அன்றைக்கு அவருக்குச் சூப் வைக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்று, "முதல் தரம் விழுந்தபோது என்ன செய்தவை சாமி?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யேல்லை. மணி அடிக்க ஆள் இல்லை. அந்தக் கிழவர் மடியிலை மொச்சையோடை வந்து பாத்தார், அவிச்சுச் சாப்பிட்டார், அடுத்த நாள் ஊரைவிட்டுப் போயிட்டார்."

"அப்ப அதுக்குச் செத்தவீடு நடக்கேல்லை."

மரத்துக்கும் ஈயத்துக்கும் செபம் சொல்லத் திருச்சபையில் இடமில்லை என்று தோன் கலோஜெரோ சொன்னது நியாயந்தான். ஆனால் எமில்டா கேட்ட கேள்வி அவர் வீட்டு வாசலைத் தாண்டி அசுந்தாவின் கடைக்குப் போய், கடையிலிருந்து ஊரெல்லாம் போய், பொழுதுபடுவதற்குள் எல்லாருக்கும் எப்போதோ தெரிந்த உண்மையாகிவிட்டது. அழ ஆளில்லாமல் செத்ததால்தான் கூரை வந்தது. வந்த விருந்தாளியை இரண்டாம் தரமும் அநாதையாக அனுப்புவது பியெத்ராலீஷாவுக்கு மரியாதை இல்லை. நாள் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே கறுப்பு உடுப்புகளைத் தேய்த்து, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

அது ஒரு மத்தியானம் நடந்தது. முதலில் நடுவிட்டத்தின் நிழல் தொய்ந்தது. கோழிகள் எழுந்து வெளியே போய்விட்டன. ஊர் வந்து இரண்டு பக்கத் தூண்களோடும் ஒட்டி நின்றது, சாரத்தில் நின்ற வேலையாட்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள், தோன் கலோஜெரோ புத்தகத்தைத் திறந்து துறவிகளுக்குச் சொல்கிற செபத்தையே சொல்லத் தொடங்கினார். நிழல் நடுவில் முறிந்து, கைமரம் கைமரமாகச் சரிந்து, சத்தமும் தூசியும் இல்லாமல் தரையோடு தரையாகப் போனது. எல்லாருடைய தலையிலும் வெயில் விழுந்தது. ஆறு ஆண்கள் முன்னால் வந்து, குனிந்து, வெறும் கைகளால் எதையோ தூக்கித் தோளில் வைத்தார்கள். வடக்கு வாசலைத் திறக்கச் சொன்னார்கள். எமில்டாதான் சாவியைப் போட்டாள். எத்தனையோ தலைமுறையாகத் திறக்காத கதவு, நியூற்றனும் தோள் கொடுத்துத் தள்ளிய பிறகு திறந்தது. வெறும் தோள்கள் பாரத்தில் வளைந்து அவளைக் கடந்து போயின. ஒரு உடம்பும் இல்லாமல் செத்தவீடு நடக்கும் என்பதை அவள் அப்போதுதான் கண்ணால் கண்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கூரைக்கு இப்படி அழுகிறாளே என்று அசுந்தாவும் சேர்ந்து அழுதாள்.

அந்தத் துறவிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செத்தால், சாப்பாட்டு மண்டபத்தில் அவருடைய இடத்தில் முப்பது நாளைக்கு அவர் பங்குச் சாப்பாட்டை வைப்பார்கள். வைத்ததை எடுத்துப்போய் வாசலுக்கு வந்திருக்கிற ஏழை அந்நியனுக்குக் கொடுப்பார்கள். அவன் வயிறு நிறைந்தால் செத்தவருக்குப் போய்ச் சேரும். செத்தவீட்டை ஒழுங்காகச் செய்த ஊர் இதை மட்டும் விடுமா. தோன் கலோஜெரோ இதைப் பூசையில் சொன்னபோது, வீட்டுக்கொரு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அசுந்தா எழுந்தாள். அவளுக்கு முன்பே எமில்டா எழுந்துவிட்டாள். "முப்பது நாளும் நான் சமைக்கிறன் சாமி. எங்கடை ஊரிலையும் முப்பத்தோராம் நாள்தான்," என்றாள். அந்நியன் யார் என்பதில் சிக்கல் இருக்கவில்லை. பியெத்ராலீஷாவில் ஏழைகள் என்று ஒத்துக்கொள்ள யாரும் இல்லை, வேலையாட்களில் மற்றவர்களெல்லாம் மத்தியானம் அசுந்தாவின் கடைக்குப் போய்விடுவார்கள், மடத்து வாசலில் தனியாகப் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவன் நியூற்றன்தான்.

கூரை என்ன சாப்பிடும் என்று யாருக்குத் தெரியும்? எமில்டா சோறு வடித்தாள். கரையிலிருந்து மீன்வண்டி வருகிற நாட்களில் சாளை மீன் வாங்கி, டெல்பின் அனுப்பிய யாழ்ப்பாணத் தூளும் டின் தேங்காய்ப்பாலும் போட்டுக் குழம்பு வைத்தாள். இடியாமல் நின்ற சாப்பாட்டு மண்டபத்துக் கல்மேசையில் கொண்டுபோய் வைத்து, சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். நியூற்றன் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டு, தட்டைக் கழுவித் தருவான். இப்படிச் சில நாள் போனது. ஒரு நாள் அவன் ஒரு கவளத்தை வாயில் வைத்தவன், விரலால் சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"கூரைக்கு ஏன் முள்ளெடுத்து வைக்கிறியள்?"

எமில்டா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். கடல் தொழில் செய்த கிளெமென்றுக்கு மீன்முள்ளென்றால் பயம். சின்ன வயதில் ஒரு முள் தொண்டையில் சிக்கி, ஆஸ்பத்திரிவரைக்கும் போய் வந்தவன்; சுறாவைக் கையால் இழுப்பான், சாளையைக் கண்டால் தட்டைத் தள்ளிவைப்பான். பாசையூர் முழுக்க அவனைப் பகிடி பண்ணியது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எமில்டா அவனுக்கு முள்ளெடுத்துத்தான் வைத்தாள். இப்போதும் கை தன்பாட்டில் எடுத்துவிட்டிருந்தது.

"அவர் செத்தவர் எண்டு நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள். "எனக்கே சொல்லேல்லை."

நியூற்றன் தட்டைக் கீழே வைக்கவில்லை. "அப்ப நான் ஆருடைய சோத்தைச் சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ," என்றான் மெதுவாக. "ஆள் தெரிஞ்சு சாப்பிட்டாத்தானே அவருக்குப் போகும்."

பேசவே கூடாது என்று துறவிகள் சட்டம் வைத்திருந்த மண்டபத்தின் வாசலில் உட்கார்ந்து, அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் எமில்டா கிளெமென்றைப் பற்றிச் சொன்னாள். அவன் எப்படி நடப்பான் என்று சொன்னாள், கோபம் வந்தால் பேசாமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பான் என்று சொன்னாள், கோயில் பெருநாளில் அவளுக்கு வாங்கித் தந்த சீலை பொருந்தாத பச்சை என்றும், அதை அவள் நல்லது என்று பொய் சொன்னாள் என்றும் சொன்னாள். நியூற்றன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான், ஒரு பருக்கை மிச்சம் விடாமல். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயமாகவும் இருந்தது. இத்தனை வருடம் உள்ளே கிடந்தவன் ஒரு தட்டுக்கு ஒரு துண்டாகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் அவனுடைய குரலை நினைத்துப் பார்க்க முயன்று, முடியாமல், அன்றிரவெல்லாம் தலையணையைக் கடித்து அழுதாள். ஆனாலும் விடிந்ததும் எழும்பி அரிசி களைந்தாள். பாதியில் விட்டால் அவன் வழியில் நின்றுவிடுவானே என்று இருந்தது.

முப்பத்தோராம் நாள் காலையில், பூசைக்கு முன்னே, அவள் தோன் கலோஜெரோவிடம் போய்க் கிளெமென்றின் பெயரைச் சொன்னாள். கூரையில்லாத கோயிலில், சாரக் கம்பிகளுக்கு நடுவே, வெயிலில் நின்ற ஊருக்கு முன்னால், அவர் கடலில் இறந்த கிளெமென்றின் ஆத்துமத்துக்காக என்று உரத்து வாசித்தார். அந்தப் பெயரை அவர் உச்சரித்தது சரியில்லை. எமில்டா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சரியில்லாத அந்தப் பெயரை மனதுக்குள் திருத்திச் சொன்னாள். ஊருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அசுந்தா வந்து பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பூசை முடியும்வரை விடவில்லை.

வீட்டுக்குப் போய் எமில்டா தாலியைக் கழற்றி, கிளெமென்றின் படத்துக்கு முன்னால் வைத்தாள். கழுத்து வெறிச்சென்று இருந்தது, அவளுக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் திரும்ப எடுத்துப் போடவில்லை. பிறகு சமைத்தாள்.

மத்தியானம் முதல் விட்டம் ஏறியது. புது ஓக் மரம், கயிற்றில் ஆடி ஆடி மேலே போய் வளைவின்மேல் உட்கார்ந்ததும், கீழே தரையில் அதன் நிழல் ஒரு கோடாக விழுந்தது. நியூற்றன் இறங்கி, மண்டபத்துக்கு வந்தான். முப்பது நாளும் முடிந்துவிட்டதால் இன்றைக்குத் தனக்குச் சாப்பாடு இருக்காது என்று நினைத்து, பாணைக் கையில் வைத்திருந்தான். எமில்டா அவனை வாசலில் உட்காரவிடவில்லை. உள்ளே கூப்பிட்டாள். செத்தவருடைய இடத்தில் தட்டில்லை; மேசையின் மறுபக்கத்தில் இரண்டு தட்டு இருந்தது, இரண்டிலும் சோறு, மேலே சாளைக் குழம்பு.

அவன் பாணை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கைகழுவி வந்து உட்கார்ந்தான். எமில்டா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"முள்ளிருக்கு," என்றாள். "பாத்துச் சாப்பிடுங்கோ."